செம்பைக் கரைக்கும்போது கந்தகம் எங்கே போகிறது?

திருகோணமலை மாவட்டத்தில் கனியம் என்று பேச்செடுத்தால் முதலில் வாயில் வருவது புல்மோட்டைதான். இல்மனைற்று, ரூட்டைல், சேர்கோன் என்று கடற்கரை மணலோடு மணலாகக் கிடக்கும் செல்வம் அது. கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மூதூரைத் தாண்டிச் சேருவிலப் பக்கம் நிலத்துக்குள் கிடப்பது வேறு வகை. 1970களின் தொடக்கத்தில் அரசின் புவிச்சரிதவியலாளர்கள் அடையாளம் கண்ட செப்புப் படிவு அது. இலங்கையின் மேட்டுநிலப் பாறைத் தொகுதியும் விஜயன் தொகுதியும் சந்திக்கும் எல்லையை ஒட்டி, மக்னடைற்று என்ற இரும்புத் தாதோடு சால்கோபைரைட்டும் பைரைட்டும் கலந்து கிடக்கின்றன. பைரைட்டில் இரும்பும் கந்தகமும் மட்டும்; சால்கோபைரைட்டுத்தான் செப்புக் கனியம். உலகில் வெட்டியெடுக்கப்படும் செம்பில் பெரும்பங்கு அதிலிருந்தே வருகிறது.

சேருவிலச் செம்பைப் பற்றி ஊரில் பேச்சு வரும்போதெல்லாம் எவ்வளவு செம்பு, எத்தனை கோடி ரூபாய், யாருக்கு வேலை என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. சால்கோபைரைட்டின் இரசாயன அமைப்பைக் கொஞ்சம் பார்த்தால் இன்னொரு கேள்வி எழும். தூய சால்கோபைரைட்டில் நிறைப்படி ஏறத்தாழ 34.6 வீதம் செம்பு, 30.4 வீதம் இரும்பு, 35 வீதம் கந்தகம். எடுக்கும் செம்பைவிடக் கூடவே வரும் கந்தகம் ஒரு துளி அதிகம். செம்பு விற்கப்பட்டு வெளியே போய்விடும். கந்தகம்?

அது மூன்று உருவங்களில் ஒன்றாகத்தான் வெளியேறும். புகையாக, அமிலமாக, அல்லது மஞ்சள் நிறத் திண்மமாக. எந்த உருவம் என்பதைத் தீர்மானிப்பது தொழிற்சாலையின் வெப்பநிலை. மூன்றாவது உருவம் வேண்டுமென்றால், மரக்கூழ் ஆலைக் கழிவிலிருந்து வரும் ஒரு பழுப்புத் தூளை மிகச் சிறிய அளவில் சேர்த்தாக வேண்டும். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்தத் தூளைப் பற்றியது. அது இல்லாவிட்டால் நல்ல எண்ணத்தோடு கட்டிய ஆலையும் பாதி வேலையோடு நின்றுவிடும்.

முதலில் புகையின் கதை. உலோகம் கந்தகத்தோடு சேர்ந்து கிடக்கும் சல்பைட்டுத் தாதுகளைப் பல நூற்றாண்டுகளாக உலோகமாக்கிய வழி வறுத்து உருக்குவதுதான். கந்தகம் எரிந்து சல்பர் ஈரொட்சைட்டு வாயுவாகிப் புகைபோக்கி வழியே போய்விடும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ட்ரெயில் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. அங்கிருந்த ஈய, நாக (துத்தநாக) உருக்காலையின் புகை கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக எல்லை தாண்டி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பண்ணைகளின் பயிரையும் மரங்களையும் கருக்கியது. வழக்கு இரண்டு நாடுகளுக்கும் இடையிலான நடுவர் மன்றத்துக்குப் போனது. 1938இலும் 1941இலும் வந்த அதன் தீர்ப்புகள், ஒரு நாட்டின் புகை இன்னொரு நாட்டைக் கெடுக்கக் கூடாது என்ற சர்வதேசச் சட்டக் கொள்கைக்கு அடிக்கல்லாக இன்றும் சட்ட மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றன.

இன்றைய நல்ல உருக்காலைகள் அந்த வாயுவைப் பிடித்துச் சல்பூரிக் அமிலமாக்கிவிடும். சரி, அமிலத்தை யாருக்கு விற்பது? அமிலம் தூரம் போகாத பண்டம். வாங்குபவர் அருகில் இல்லையென்றால் அதுவே பெரும் சுமை. அதே ட்ரெயிலில்தான் 1981இல் உலகின் முதலாவது வணிக அளவிலான நாக அமுக்கக் கரைத்தெடுப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. நாக சல்பைட்டை வறுக்காமல், நேரடியாக அமிலத்தில் கரைத்து, கந்தகத்தைத் திண்மமாகவே பிரித்தெடுக்கும் முறை. ஷெரிட் கோர்டன் என்ற கனடிய நிறுவனத்தின் ஆய்வில் உருவானது அது. 1983இல் ஒன்ராறியோவின் டிமின்ஸிலும், 1991இல் ஜெர்மனியின் டாட்டெல்னிலும், 1993இல் மனிற்றோபாவின் பிளின் பிளோனிலும் அடுத்தடுத்த ஆலைகள் வந்தன.

முறை கேட்க எளிமையானது. தாதை அரைத்து, நுரை மிதப்பு முறையில் பயனுள்ள கனியத்தை மட்டும் திரட்டுவார்கள். இந்தத் திரட்டைச் செறிதாது என்போம். அதை நீர்த்த சல்பூரிக் அமிலத்தோடு குழம்பாக்கி, ஓட்டோகிளேவ் எனப்படும் மூடிய அமுக்கக் கலத்துக்குள் செலுத்துவார்கள். படுக்கைவாட்டில் கிடக்கும் நீண்ட உருளை அது. வெளியே உருக்கு, உள்ளே அமிலம் தாங்கும் செங்கல் பூச்சு, நடுவில் தடுப்புச் சுவர்களால் பிரிந்த அறைகள், அறைக்கொரு கலக்கி. ஒட்சிசன் வாயுவை உள்ளே செலுத்தி 150 பாகை செல்சியஸில் வைத்தால், வளிமண்டல அமுக்கத்தைப்போல் பத்துப் பன்னிரண்டு மடங்கு அமுக்கத்தில், ஒரு மணி நேரம் அளவில் உலோகம் சல்பேற்றாகக் கரைந்துவிடும். கந்தகம் கந்தகமாகவே மிஞ்சும்.

உள்ளே உண்மையில் கனியத்தைத் தாக்குவது ஒட்சிசன் அல்ல, கரைந்திருக்கும் இரும்பு. பெரிக் அயன் கனியத்திலிருந்து இலத்திரன்களைப் பறித்துக்கொண்டு பெரஸ் அயனாகிறது. ஒட்சிசன் அந்தப் பெரஸ் அயனை மறுபடி பெரிக் ஆக்கி அனுப்பிவைக்கிறது. இரும்பு இப்படி ஓடி ஓடிச் சுமக்காவிட்டால் தாக்கம் ஊர்ந்துதான் போகும். ஆகவே தாதில் கொஞ்சம் இரும்பு இருப்பது இங்கே நல்லது.

சிக்கல் கந்தகத்தில்தான்.

பாடசாலை ஆய்வுகூடத்தில் பரிசோதனைக் குழாயில் கந்தகத்தைச் சூடாக்கிப் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும். ஏறத்தாழ 119 பாகையில் மஞ்சள் தூள் உருகித் தெளிந்த, இளமஞ்சள் திரவமாகும். குழாயைச் சரித்தால் சடாரென்று ஓடும். இன்னும் சூடாக்கினால் நிறம் கறுக்கத் தொடங்கும். 159 பாகையைத் தாண்டியதும் ஒரு விநோதம் நடக்கும். திரவம் சிவந்து, தடித்து, குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் நகராத அளவுக்குப் பசையாகிவிடும். எட்டு அணுக்கள் சேர்ந்த வளையங்களாக இருந்த கந்தகம் அந்த வெப்பநிலையில் வளையம் அறுந்து, ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலிகளாகிறது. 187 பாகையை நெருங்கும்போது அதன் பாகுநிலை, 150 பாகையில் இருந்ததைப்போல் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். அதற்கும் மேலே சூடாக்கினால் சங்கிலிகள் துண்டுபட்டு மீண்டும் இளகும்.

சூடானால் திரவம் இளகும் என்பது எல்லோரும் அறிந்த விதி. கந்தகம் அந்த விதியை இந்த இடத்தில் மீறுகிறது. அந்த மீறல்தான் அமுக்கக் கரைத்தெடுப்புத் தொழில் முழுவதையும் வடிவமைத்திருக்கிறது. 119 பாகைக்குக் கீழே வேலை செய்தால் கந்தகம் உருகாது, ஆனால் தாக்கம் மெதுவானது. 1950களில் பிராங்க் போர்வர்ட் குழுவினர் செய்த தொடக்க ஆய்வுகள் 110 பாகை அளவில், பல மணி நேரம் எடுத்துக்கொண்டவை. 160க்கும் 200க்கும் இடைப்பட்ட பகுதியைப் பெரும்பாலும் யாரும் விரும்புவதில்லை. உள்ளே கோந்து போன்ற கந்தகம் நிறைந்த கலத்தை இயக்குவது எந்தப் பொறியியலாளருக்கும் கெட்ட கனவு. 220 பாகைக்கு மேலே போனால் கந்தகம் கந்தகமாக நிற்பதே இல்லை, முழுவதும் ஒட்சியேறிச் சல்பேற்றாகிவிடும். ஆகவே திண்மக் கந்தகமும் வேண்டும், வேகமும் வேண்டும் என்றால் மிஞ்சுவது ஓர் ஒடுங்கிய இடைவெளி: 140 முதல் 155 பாகை வரை. அங்கே கந்தகம் உருகியிருக்கும், ஆனால் ஓடக்கூடிய திரவமாக இருக்கும்.

அந்த ஒடுங்கிய இடைவெளிக்குள்ளும் ஒரு கண்ணி இருக்கிறது. உருகிய கந்தகம் தண்ணீரோடு ஒட்டாது. சல்பைட்டுக் கனியத்தோடு நன்றாக ஒட்டும். கனியத் துணிக்கையின் மேற்பரப்பில் பிறக்கும் ஒவ்வொரு துளிக் கந்தகமும் அங்கேயே பரவி, துணிக்கையைச் சுற்றி மெல்லிய படலமாகிவிடும். படலம் மூடியதும் பெரிக் அயனும் அமிலமும் உள்ளே போக வழியில்லை. துணிக்கையின் வெளித்தோல் கரைந்திருக்கும், உள்ளே கனியம் அப்படியே இருக்கும். இதோடு நின்றாலும் பரவாயில்லை. மூடப்பட்ட துணிக்கைகள் கலக்கியின் சுழற்சியில் ஒன்றோடொன்று மோதி, கந்தகத்தால் ஒட்டி, திரண்டு, உருண்டைகளாகும்.

அப்படியொரு உருண்டையை ஆறவைத்து, பாதியாக வெட்டி, மெருகேற்றி நுணுக்குக்காட்டியில் வைத்தால் தெரிவது இதுதான்: மஞ்சள் கந்தகத் தளத்தில் சல்பைட்டுத் துகள்கள் சிதறிக் கிடக்கும். நாகத் தாது என்றால் கருஞ்சாம்பல், சால்கோபைரைட்டு என்றால் பித்தளை மினுக்கம். விளிம்பில் இருப்பவை அரிக்கப்பட்டு ஒழுங்கற்று இருக்கும். நடுவில் இருப்பவற்றின் ஓரங்கள், அரைவையில் உடைந்தபோது இருந்ததைப்போல் கூர்மையாகவே இருக்கும். அமிலம் அவற்றைத் தொட்டதே இல்லை என்பதற்கு அந்தக் கூர்மை சாட்சி. ஆலையில் இந்த உருண்டைகள் கலத்தின் அடியில் படிந்து, குழாய் வாய்களை அடைத்து, கலக்கித் தகடுகளில் அப்பிக்கொள்ளும். நாகத்தின் பிரித்தெடுப்பு பாதி வழியிலேயே நின்றுவிடும். இன்னும் நேரம் கொடுத்தாலும், இன்னும் ஒட்சிசன் கொடுத்தாலும் மேலே ஏறாது.

இங்கேதான் பரப்பியக்கிகள் வருகின்றன. இறைச்சிக் கறி சாப்பிட்டு எண்ணெய் படிந்த கோப்பையை வெறுந்தண்ணீரில் கழுவினால் எண்ணெய் கோப்பையில்தான் ஒட்டியிருக்கும். கொஞ்சம் சவர்க்காரம் பட்டதும் எண்ணெய் சிறு துளிகளாகச் சுருண்டு, கோப்பையை விட்டுத் தண்ணீரோடு போய்விடும். அமுக்கக் கலத்துக்குள் நடக்க வேண்டியதும் இதுதான். கந்தகம் எண்ணெயின் இடத்தில், கனியம் கோப்பையின் இடத்தில். ஆனால் சாதாரண சவர்க்காரத்தை 150 பாகை அமிலத்தில் போட்டால் அது நிலைக்காது. சூட்டையும் அமிலத்தையும் ஒட்சிசனையும் ஓரளவாவது தாங்குகிற, மலிவான ஒன்று தேவைப்பட்டது.

ஷெரிட்டின் ஆய்வாளர்கள் 1970களின் முதற்பாதியில் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்ற விடை, லிக்னோசல்பனேற்று. மரத்தின் செல்லுலோசு நார்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பது லிக்னின். சல்பைற்று முறையில் மரக்கூழ் தயாரிக்கும்போது லிக்னின் கரைந்து கழிவு நீரோடு வெளியேறும். அந்தக் கழிவை ஆவியாக்கினால் கிடைக்கும் பழுப்புத் தூள்தான் இது. நமக்கு இது முற்றிலும் அந்நியமான பொருள் அல்ல. கொங்கிறீற்றுக் கலவையில் தண்ணீரைக் குறைத்து இளக்கத்தைக் கூட்டச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் வகைகளில் மிகப் பழையது லிக்னோசல்பனேற்றுத்தான். சீமெந்து ஆலை இருக்கும் திருகோணமலையில், ரெடிமிக்ஸ் வண்டி போவதைப் பார்க்காத தெரு குறைவு. சீமெந்துத் துணிக்கைகள் ஒன்றோடொன்று திரளாமல் விலக்கி வைப்பதற்கும், கந்தகத்தைக் கனியத்திலிருந்து விலக்குவதற்கும் காரணம் ஒன்றே. அந்த மூலக்கூறின் முதுகெலும்பு எண்ணெய்த் தன்மை கொண்ட வளையங்களால் ஆனது, அதிலிருந்து கிளைவிடும் சல்பனேற்றுக் கூட்டங்கள் தண்ணீரை நாடுபவை. இரண்டு பக்கமும் உறவு வைத்திருப்பதால் அது எல்லைப் பரப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

எல்லைப் பரப்பில் உட்கார்ந்து என்ன செய்கிறது? இரண்டு காரியங்கள். உருகிய கந்தகத்துக்கும் கரைசலுக்கும் இடையிலான பரப்பிழுவையைக் குறைக்கிறது. அதனால் கந்தகம் பெருந்துளிகளாகத் திரளாமல் நுண்துளிகளாகச் சிதற முடிகிறது. இன்னொன்று, கனியத்தின் மேற்பரப்பையும் தண்ணீரை நாடும் பரப்பாக மாற்றுகிறது. அங்கே கந்தகத் துளியின் தொடுகைக் கோணம், அதாவது துளியின் விளிம்பு கனியப் பரப்போடு செய்யும் கோணம், பெருகுகிறது. தட்டையாகப் பரவிக் கிடந்த துளி, விளிம்பு சுருங்கி, உருண்டு, எழும்பி, கடைசியில் கழன்றுவிடும். கழன்ற இடத்தில் புதிய கனியப் பரப்பு அமிலத்துக்குத் திறந்துகொள்ளும். பரப்பிழுவையை மட்டும் குறைத்தால் போதாது என்பதைக் கவனிக்க வேண்டும். கோணம் மாறாமல் இழுவை மட்டும் குறைந்தால் கந்தகம் இன்னும் எளிதாகப் பரவி மூடிவிடக்கூடும். இரண்டும் சேர்ந்து, கந்தகத்தைக் கனியத்திலிருந்து பிரிக்கத் தேவையான வேலை எவ்வளவு குறைகிறது என்பதுதான் அளவுகோல். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஓவுசு, டிரைசிங்கர், பீற்றர்ஸ் ஆகியோர் 1990களில் செய்த அளவீடுகள் இந்தப் படத்தைத் தெளிவாக்கின. உருகிய கந்தகத் துளியைச் சூடான, அமுக்கத்தில் இருக்கும் கரைசலுக்குள் கனியப் பரப்பின் மேல் வைத்து, அதன் வடிவத்தைப் படமெடுத்துக் கோணத்தை அளக்கும் வேலை. பொறுமை கேட்கும் வேலை. அதுவரை அனுபவத்தால் மட்டும் தெரிந்திருந்த ஒன்றுக்கு அது காரணம் காட்டியது.

பலன் எவ்வளவு என்றால், பாதியில் நின்ற நாகப் பிரித்தெடுப்பு 95 வீதத்தைத் தாண்டிவிடும். அதற்குத் தேவைப்படும் தூள், லிட்டர் கரைசலுக்குப் பெரும்பாலும் ஒரு கிராமிலும் குறைவு. ஒரு மாபெரும் ஆலையின் வெற்றி தோல்வி இவ்வளவு சிறிய சேர்க்கையில் தங்கியிருப்பது எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விடயம்.

லிக்னோசல்பனேற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு பெயர் குவெப்ராச்சோ. தென் அமெரிக்காவில் வளரும், கோடரியை முறிக்கும் கடினம் கொண்ட மரம். அதன் உள்மரத்திலிருந்து தோல் பதனிடுவதற்காக எடுக்கப்படும் தனின் சாறு இங்கேயும் உதவுகிறது. நாக ஆலைகளில் இரண்டையும் கலந்து பயன்படுத்தும் வழக்கமும் உண்டு. ஓதோ பீனைலீன் இருஅமைன் என்ற செயற்கை இரசாயனமும் ஆய்வுகளில் நல்ல பலன் காட்டியது. அது நச்சுப் பொருள். நான் அதை ஊருக்குப் பக்கத்தில் பயன்படுத்தச் சொல்ல மாட்டேன். டைனாடெக் என்ற நிறுவனம் செப்புக்காக உருவாக்கிய முறையில் தரம் குறைந்த நிலக்கரித் தூளையே சேர்த்தார்கள். நிலக்கரி சூட்டில் சிதைந்து தரும் பொருட்கள் கந்தகத்தைச் சிதறடிக்கின்றன.

இந்தச் சேர்க்கைகள் எதுவும் நிலையானவை அல்ல. கலத்துக்குள் நுழைந்த நிமிடத்திலிருந்து ஒட்சிசனும் பெரிக்கும் அவற்றைத் தின்னத் தொடங்கும். குறைவாகப் போட்டால், கலத்தின் முதல் அறைகளில் எல்லாம் சரியாக இருக்கும், பின் அறைகளுக்குப் போவதற்குள் தூள் தீர்ந்து, கந்தகம் மறுபடி திரளும். கூடுதலாகப் போட்டால் மிச்சம் கரைசலோடு வெளியே போகும். நாகத்தை மின்பகுப்பில் படியவைக்கும் கலங்கள் சேதன மாசுகளை மிகவும் வெறுப்பவை. படிவு பஞ்சுபோலாகும், மின்சாரம் வீணாகும். செம்பு என்றால் மின்பகுப்புக்கு முன் கரைப்பானால் பிரித்தெடுக்கும் படி ஒன்று உண்டு. மண்ணெண்ணெய் வகைத் திரவமும் நீர்க்கரைசலும் கலந்து, பிறகு பிரிய வேண்டும். பரப்பியக்கி மிச்சம் இருந்தால் பிரியாது, நடுவில் சேறு போன்ற படையாக நிற்கும். உள்ளே தேவைப்படும் அதே குணம் வெளியே தொல்லையாகிறது. ஆகவே கலத்தின் கடைசி அறையில் தீர்ந்துபோகும் அளவுக்கு மட்டும் போடுவது, சில இடங்களில் ஒரே தடவையில் போடாமல் வழியில் இன்னொரு முறை சேர்ப்பது என்று ஒவ்வொரு ஆலையும் தன் அளவைத் தானே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி நாகத்தின் கதை. சேருவிலவில் இருப்பது சால்கோபைரைட்டு. அது பிடிவாதம் கூடிய கனியம். கரையும்போது தன்மேல் தானே ஒரு செயலற்ற படலத்தை உண்டாக்கிக்கொள்ளும், உருகிய கந்தகமும் அதில் பலமாக ஒட்டும். பரப்பியக்கி மட்டும் போதாது. கனியத்தைப் பத்து மைக்ரோன் அளவுக்கு, அதாவது தலைமயிரின் தடிப்பில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு, மிக நுண்ணியதாக அரைத்தால் படலம் மூடுவதற்குள் துணிக்கை தீர்ந்துவிடும். ஆங்லோ அமெரிக்கன் நிறுவனமும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய முறை இதைத்தான் செய்கிறது: நுண் அரைவை, 150 பாகை, பரப்பியக்கி. இன்னொரு கனடிய முறை கரைசலில் குளோரைட்டைச் சேர்க்கிறது. கடற்கரை மாவட்டத்துக்கு அது கவர்ச்சியாகத் தோன்றலாம், ஆனால் குளோரைட்டு வந்தால் உலோகப் பாகங்களின் அரிப்பும் கூடவே வரும்.

இத்தனை தொல்லை எதற்கு, 225 பாகைக்குப் போய்விடலாமே என்று கேட்கலாம். கேட்டிருக்கிறார்கள், போயிருக்கிறார்கள். அரிசோனாவின் பாக்டாட் சுரங்கத்தில் 2003இல் பெல்ப்ஸ் டொட்ஜ் நிறுவனம் அப்படியொரு செப்பு ஆலையை இயக்கியது. அந்த வெப்பநிலையில் உருகிய கந்தகம் தங்குவதில்லை, ஆகவே பரப்பியக்கி தேவையில்லை, செம்பு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ முழுவதும் கரைந்துவிடும். இரசாயனச் சமன்பாட்டை எழுதிக் கணக்குப் போட்டால் அதன் விலை தெரியும். ஒரு தொன் தூய சால்கோபைரைட்டைக் கந்தகம் மிஞ்சும் வழியில் கரைக்க 0.22 தொன் ஒட்சிசன் போதும். முழு ஒட்சியேற்ற வழியில் 0.74 தொன் வேண்டும். மூன்று மடங்குக்கும் மேல். ஒட்சிசனைக் காற்றிலிருந்து பிரிப்பது மின்சாரத்தால், மின்சாரத்தின் விலை நமக்குத் தெரியும்.

அமிலக் கணக்கு இன்னும் கடுமையானது. கந்தகம் மிஞ்சும் வழியில், கரைப்பதற்குச் செலவாகும் அமிலம் மின்பகுப்பில் செம்பு படியும்போது திரும்பக் கிடைக்கிறது. கணக்கு ஏறத்தாழச் சரிக்குச் சரி. முழு ஒட்சியேற்றத்தில் கலத்துக்குள்ளும் அமிலம் பிறக்கிறது, மின்பகுப்பிலும் பிறக்கிறது. ஒரு தொன் சால்கோபைரைட்டுக்கு ஒரு தொன்னுக்குச் சற்று மேல் அமிலம் மிஞ்சும். பாக்டாட்டில் அது நட்டமல்ல. பக்கத்திலேயே தரம் குறைந்த செப்புத் தாதுக் குவியல்கள் இருக்கின்றன, அவற்றின் மேல் தெளிக்க அந்த அமிலம் வேண்டும். சேருவிலவில் அப்படிக் குவியல்கள் இல்லை. அமிலத்தை நடுநிலையாக்க அதே நிறைக்குச் சுண்ணாம்புக்கல் கொண்டுவந்து கொட்டினால், கிடைக்கும் ஜிப்சம் ஏறத்தாழ 1.9 தொன். இலங்கைச் சீமெந்து ஆலைகள் ஜிப்சத்தை இறக்குமதி செய்கின்றன என்பது உண்மைதான். உலோக மாசு கலந்த இந்த ஜிப்சத்தை அவர்கள் அப்படியே வாங்குவார்கள் என்று எண்ணுவது சரியல்ல. மறுபக்கம், 150 பாகை வழியில் கிடைப்பது 0.35 தொன் திண்மக் கந்தகம். மூட்டையில் கட்டலாம், கப்பலில் ஏற்றலாம், இறப்பருக்கும் உரத்துக்கும் கந்தகம் வேண்டும். ஆனால் அதையும் முதலில் உருக்கி வடிகட்டித் தூய்மையாக்கியாக வேண்டும்.

எனக்கு இதில் பக்கச்சார்பு உண்டு. மகாவலி கடலில் கலக்கும் இடம் கொட்டியாரக் குடா. அல்லைக் குளத்தின் கீழ் வயல்கள், உல்லைக்கழிக் களப்பு, மூதூர்க் கரைவலைகள் எல்லாம் அந்தத் தண்ணீரை நம்பியிருக்கின்றன. அங்கே புகையும் வேண்டாம், சுண்ணாம்பால் நடுநிலையாக்கிக் குவித்த மலையும் வேண்டாம். கந்தகத்தைத் திண்மமாகப் பிடிக்கும் வழிதான் குறைந்த பாரம். அதற்கும் இடர் உண்டு. செம்பு போன பின் மிஞ்சும் எச்சத்தில் இரும்பு ஒட்சைட்டும், கொஞ்சம் கந்தகமும், கரையாத சல்பைட்டும் இருக்கும். ஈரத்தில் திறந்து கிடந்தால் பற்றீரியாக்கள் அந்தக் கந்தகத்தை மெல்ல மெல்ல அமிலமாக்கும். ஒக்ரோபரிலிருந்து தை வரை மாரி மழை கொட்டும் கரையில் அது சின்ன விடயம் அல்ல. கந்தகம் கனியத்திலிருந்து எவ்வளவு சுத்தமாகக் கழன்றதோ, அவ்வளவு எளிதாக எச்சத்திலிருந்து அதைப் பிரிக்கலாம். பரப்பியக்கியின் அளவு தவறினால் செம்பும் போகிறது, எச்சமும் கெடுகிறது. எச்சக் குளத்தை எங்கே வைப்பது என்று பார்க்கும்போது, 2004 சுனாமி மூதூரிலும் ஈச்சிலம்பற்றிலும் எவ்வளவு தூரம் உள்ளே வந்தது என்பதும் வரைபடத்தில் இருக்க வேண்டும்.

சேருவிலப் படிவு உலக அளவில் சிறியது. அமுக்கக் கலமும் ஒட்சிசன் நிலையமும் பெருமுதலீடு கேட்பவை. செறிதாதை மட்டும் தயாரித்துத் திருகோணமலைத் துறைமுகம் வழியாக ஏற்றுமதி செய்வதே கணக்குக்குச் சரிவரும் என்று யாராவது சொன்னால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அப்போதுகூடச் சல்பைட்டுச் செறிதாது கப்பலின் அடித்தளத்தில் தானாகச் சூடேறக்கூடிய சரக்கு என்பதைத் துறைமுகத்தில் வேலை செய்வோர் அறிந்திருக்க வேண்டும். எந்த வழியானாலும், 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, இந்த மாதிரித் திட்டத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் பொதுமக்கள் கருத்துக்கான காலமும் உண்டு. அந்த அறிக்கை கையில் வரும்போது முதலில் தேட வேண்டியது வெப்பநிலை. 150 என்று இருந்தால் எந்தப் பரப்பியக்கி, எவ்வளவு, அதன் மிச்சம் எங்கே போகும் என்று கேட்க வேண்டும். 225 என்று இருந்தால் அமிலத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். உருக்காலை என்றால் ட்ரெயிலைப் பற்றிக் கேட்கலாம்.

இந்தக் கேள்விகளில் முதலாவதற்கு விடை காண ஆலை கட்ட வேண்டியதில்லை. துளையிட்டு எடுத்த பாறை மாதிரியிலிருந்து முதலில் காந்தத்தால் மக்னடைற்றைப் பிரிக்க வேண்டும். நுரை மிதப்பில் பைரைட்டை முடிந்தவரை ஒதுக்க வேண்டும், ஏனென்றால் பைரைட்டு 150 பாகையிலும் கந்தகமாக நிற்காமல் பெரும்பாலும் சல்பேற்றாகி, ஒட்சிசனைக் குடித்து அமிலத்தைக் கூட்டும். மிஞ்சும் செறிதாதில் சில கிலோ இருந்தால் இரண்டு லிட்டர் ஆய்வுகூட ஓட்டோகிளேவில் ஒரு வரிசைப் பரிசோதனை செய்யலாம். மூன்று அரைவை அளவுகள், பரப்பியக்கி இல்லாமல் ஒன்று, லிக்னோசல்பனேற்றின் வெவ்வேறு அளவுகளில் சில, குவெப்ராச்சோவோடு சில. ஒவ்வொன்றிலும் கரைந்த செம்பை அளப்பதோடு நிறுத்தாமல், ஆறிய குழம்பைச் சல்லடையில் ஊற்றி, தங்கும் கந்தக உருண்டைகளை நிறுத்து, வெட்டி, உள்ளே எவ்வளவு செம்பு அகப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.